பாசி ஜாடி 1,200 ரூபாய்: எஃப்டியை உடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்



இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டும் கிடையாது, இன்சூரன்ஸும் கிடையாது. பாசி. ஆமா, சுவத்துல பிடிக்கிற அதே பாசிதான். சேனல்ல இதை எட்டு நிமிஷ வீடியோவாச் சுருக்கிப் போட்டேன். அதுல சொல்ல முடியாம விட்டதெல்லாம் இங்கே.

போன வருஷம் பிப்ரவரியில ஒரு ஞாயித்துக்கிழமை காலையில சித்தி மகன் வீட்டுக்கு வந்தான். ஒரு கையில கண்ணாடி ஜாடி, இன்னொரு கையில போன். ஜாடிக்குள்ள பச்சைப் பசேல்னு பாசி, நாலு கூழாங்கல், சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு புத்தர். போன்ல ஒரு எக்செல் ஷீட். "அண்ணே, இதை ஒரு தடவை மட்டும் பார்த்துச் சொல்லுங்க. கணக்கு சரியா இருந்தா நாளைக்கே எஃப்டியை உடைச்சிருவேன்"ன்னான்.

தம்பிக்கு 26 வயசு. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில ஒரு தனியார் கம்பெனியில வேலை. பிடித்தம் போக கையில வர்றது 24,000. அந்த எஃப்டி 1,20,000 ரூபாய். மூணு வருஷமா மாசம் மூவாயிரத்துச் சொச்சம் ஒதுக்கிச் சேர்த்தது. அந்த வீட்டுல திடீர்னு ஒண்ணுன்னா எடுக்கிறதுக்கு வேற பணம் கிடையாது. அவசர நிதின்னு நாம வீடியோவுக்கு வீடியோ சொல்றோமே, அது அவன்கிட்ட இருந்த ஒரே வடிவம் அதுதான்.

ஷீட்டுல இருந்தது இது. ஜாடி 280. கரி, கூழாங்கல், தேங்காய் நார்த்தூள் சேர்த்து 90. பொம்மை 60. அட்டைப்பெட்டி, பேக்கிங் 70. பாசி 0. ஆகமொத்தம் 500 ரூபாய். விக்கிற விலை 1,200. ஜாடிக்கு 700 லாபம். மாசம் 40 ஜாடி போனா 28,000. "என் சம்பளத்தைவிட 4,000 கூடண்ணே. ஆறு மாசம் பார்த்துட்டு வேலையை விட்டுரலாம்னு இருக்கேன்."

எனக்கு முதல்ல கண்ணு போனது அந்த சைபர் மேல. "ஏல, பாசிக்கு ஒண்ணுமே போடலையே, எங்கேருந்து எடுக்கப் போற?"

"மணிமுத்தாறு தாண்டி மேல போனா ரோட்டோரப் பாறை முழுக்கப் பாசிதாண்ணே. ரெண்டு சாக்கு கொண்டுபோனா ஒரு மாசத்துக்குக் காணும்."

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பாசி வளர்க்கிறது அருமையான பொழுதுபோக்கு, நானே வளர்க்கிறேன். ஆனா அதைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை, மலையிலேருந்து உரிச்சுட்டு வரவும் கூடாது. திருநெல்வேலி வெயில்ல உட்கார்ந்துகிட்டு அதை ஜாடியில அடைச்சு விக்கிறதை நம்பி அவசர நிதியைத் தொடவே கூடாது. இந்த மூணையும் ஏன் சொல்றேன்னு புரியணும்னா பாசி எப்படி வாழுதுன்னு கொஞ்சம் தெரியணும்.

நம்ம பேச்சுல பாசின்னா ஒரு பொருள் இல்லை. குளத்துத் தண்ணியில மிதக்கிற பச்சை நூலும் பாசி, சுவத்துல வெல்வெட் மாதிரி படர்றதும் பாசி, கழுத்துல போடுற மணியும் பாசி. பிரியாணிக்குப் போடுற கல்பாசி இன்னொண்ணு. அது லைக்கன், பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழ்ற உயிர். நான் சொல்றது அந்த வெல்வெட் பாசியை. பிளஸ் ஒன் உயிரியல்ல ஃபுனேரியா படம் வரைஞ்சு பாகம் குறிச்சீங்களே, அந்தக் கூட்டம். நம்ம ஊர்ச் செங்கல் சுவர்கள்ல சாதாரணமாப் பார்க்கிறதுல ஹயோஃபிலான்னு ஒரு இனம் உண்டு. பிரையம் அர்ஜென்டியம்னு வெள்ளி மினுமினுப்போட ஒண்ணு உண்டு. அது உலகத்துல எந்த நகரத்து நடைபாதையிலயும் இருக்கும், அண்டார்டிகாவுலகூட இருக்கு.

இதுக்கு வேர் கிடையாது. கல்லைப் பிடிச்சுக்கிறதுக்கு மெல்லிசா இழைகள் உண்டு, அவ்வளவுதான். தண்ணியை இலை வழியாவே உறிஞ்சும். அதனால ஆழமான மண்ணு வேண்டாம், உரம் வேண்டாம், பெரிய தொட்டி வேண்டாம். யோசிச்சுப் பாருங்க, இப்படி ஒரு செடியை வச்சு ஒருத்தர் உங்ககிட்ட எதை விக்க முடியும்? அதனாலதான் ஜாடியையும் புத்தரையும் விக்கிறாங்க.

நம்மள்ல நிறையப் பேருக்கு ஒரு பழக்கம். ஒரு விஷயம் பிடிச்சா அதைச் செய்றதுக்கு முன்னாடி அதுக்கான கிட்டை வாங்கிடுவோம். கிடார் பரண்ல கிடக்கும், மீன் தொட்டி பால்கனியில காலியாக் கிடக்கும், ஓட்டம் ஆரம்பிக்கிறதுக்கு வாங்கின ஷூ காய்கறிக் கடைக்குப் போய்ட்டு வரும். சம்பளம் வந்த முதல் வாரத்துல நமக்கு ஒரு புது ஆளா மாறணும்னு தோணும், அந்த ஆளை ஒரு பெட்டியில போட்டு வீட்டு வாசல்ல கொண்டுவந்து தர கடைங்க ரெடியா இருக்கு. பாசிக்குக்கூட "ஸ்டார்ட்டர் கிட்" இருக்குன்னு பார்த்தப்போ எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. வீட்டுச் சுவத்துல சும்மா முளைக்கிறதை அம்மா பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சுக் கழுவுறாங்க. மகன் அதையே ஆன்லைன்ல ஆர்டர் போடுறான்.

இதுல இன்னொரு கூத்து, சில ஆபீஸ் வரவேற்பறைச் சுவர்கள்ல இருக்கிற பச்சை "மாஸ் வால்". தண்ணியே ஊத்த வேண்டாம், வெளிச்சமே வேண்டாம்னு சொல்லுவாங்க. ஏன் வேண்டாம்னா, அதுல பலதும் உயிரோட இல்லை. பஞ்சுப் பஞ்சா இருக்கிற அந்த ரெயிண்டீர் மாஸ் பேர்லதான் மாஸ், உண்மையில அது லைக்கன், நம்ம கல்பாசிக்குச் சொந்தக்காரன். வடக்கு ஐரோப்பாவுல பறிச்சு, கிளிசரின்ல ஊற வச்சு, சாயம் ஏத்தி ஒட்டுறது. ஆபீஸ்காரங்க வச்சா அது அவங்க பட்ஜெட். உங்க வாடகை வீட்டு ஹால்ல அதை ஒட்டணும்னு தோணினா, பச்சைச் சாயத்துக்குக் காசு கொடுக்கிறோம்கிறதைத் தெரிஞ்சுகிட்டுக் கொடுங்க.

உலகத்துலயே பேர் போன பாசித் தோட்டம் ஜப்பான்ல கியோட்டோவுல இருக்கிற சாய்ஹோஜி கோயில். சுமார் 120 வகைப் பாசி இருக்குன்னு சொல்றாங்க. 1994லேருந்து யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல இருக்கு, முன்பதிவு இல்லாம உள்ளே விட மாட்டாங்க. அங்கே முதல்ல பாசியை யாரும் நடலை. பழைய காலத்துல அந்தத் தோட்டத்துல வெள்ளை மணல் இருந்ததாச் சொல்றாங்க. 19ஆம் நூற்றாண்டுல மடத்துக்குப் பராமரிக்கக் காசு இல்லாமப் போச்சு, பாசி தானா வந்து மூடிருச்சுங்கிறதுதான் ஒரு வரலாற்று ஆசிரியர் சொல்ற கதை. பட்ஜெட் இல்லாததால உருவான தோட்டத்தைப் பார்த்துட்டு நாம பட்ஜெட் போட்டு ஜாடி வாங்குறோம்!

இந்தியாவுலயும் ஒண்ணு இருக்கு. உத்தராகண்ட்ல நைனிடால் பக்கம் குர்ப்பாதால்ல வனத்துறையோட ஆராய்ச்சிப் பிரிவு அமைச்சது, 2020 நவம்பர்ல திறந்தாங்க. ஏறக்குறைய 30 வகை. அது குளிர் ஊரு. அங்கே நடக்கிறது இங்கே நடக்கும்னு எடுத்துக்க வேண்டாம்.

இப்போ தம்பியோட சைபருக்கு வர்றேன்.

மணிமுத்தாறு அணையைத் தாண்டி மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்துன்னு ஏறுற அந்த மலை எல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள வருது. 1988ல அறிவிச்சது, தமிழ்நாட்டோட முதல் புலிகள் காப்பகம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள்ளேருந்து வன விளைபொருள் எதையும் அனுமதி இல்லாம எடுத்துட்டு வர முடியாது. புலித்தோல் மட்டும்தான் குற்றம்னு நினைச்சிருந்தான் தம்பி. ரெண்டு சாக்குப் பாசியோட செக்போஸ்ட்ல நின்னா என்ன ஆகும்னு கேட்டேன், பதில் இல்லை.

சட்டத்தை விடுங்க. நாலுமுக்கு, ஊத்து எல்லாம் தமிழ்நாட்டுலயே அதிகமா மழை பெய்யுற இடங்கள். தென்மேற்குப் பருவமழையும் கிடைக்குது, வடகிழக்கும் கிடைக்குது. அந்த மழையையும் மஞ்சையும் மரத்துலயும் பாறையிலயும் பிடிச்சு வச்சு மெதுவா விடுற பஞ்சுல பாசியும் ஒரு பங்கு. கீழே பாபநாசத்துலேருந்து கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய்னு கார் சாகுபடிக்கும் பிசானத்துக்கும் ஓடுற தண்ணியோட தொடக்கம் அந்த மலையிலதான். பாறையில கை அகலத்துக்கு ஒரு பாசி மெத்தை உருவாக வருஷக்கணக்கு ஆகும். உரிக்க ரெண்டு செகண்ட் போதும். ஜாடிக்கு 0ன்னு எழுதினது அவனுக்குத்தான் சைபர்.

ஆன்லைன்ல வாங்குற பாசி மட்டும் எங்கேருந்து வருது? நான் மூணு விற்பனையாளர்கிட்ட மெசேஜ் போட்டுக் கேட்டேன். ரெண்டு பேர் "ஹில் ஏரியா சார்"ன்னாங்க. ஒருத்தர் பதிலே போடலை. வளர்த்து விக்கிறவங்க இருக்கலாம். அப்படி இருந்தா எப்படி வளர்க்கிறாங்கன்னு காட்டுறதுல அவங்களுக்குப் பெருமைதானே இருக்கும்? கேளுங்க. காட்டாதவங்ககிட்ட வாங்காதீங்க.

சரி, காசு கொடுத்தே வாங்குறதா வச்சுக்கிட்டு ஷீட்டைத் திருத்துவோம்னேன். அவன் பார்த்த கடை விலைப்படி ஜாடிக்கு 250 ரூபாய்க்குப் பாசி. அடக்கம் 750 ஆச்சு, லாபம் 450. நாப்பது ஜாடிக்கு 18,000. இப்போ செத்துப்போற ஜாடிக்கு ஒரு வரி போடு. பத்துக்கு மூணு திரும்ப அனுப்ப வேண்டி வந்தா மாசம் 12 ஜாடி. ஒவ்வொண்ணுக்கும் அடக்கம் 750, கூரியர் 150. அதுல 10,800 போச்சு. மிச்சம் 7,200. ஒரு ஜாடி செய்ய, போட்டோ எடுக்க, "அண்ணா கொஞ்சம் குறைச்சுக் கொடுங்க"ங்கிறவங்களுக்குப் பதில் போட, பேக் பண்ணி கூரியர் ஆபீஸ்ல நிக்க எல்லாம் சேர்த்து ரெண்டு மணி நேரம்னு வை. 80 மணி நேரத்துக்கு 7,200, மணிக்கு 90 ரூபாய். இப்போ பார்க்கிற வேலையில 26 நாள், எட்டு மணி நேரம்னு வச்சா மணிக்கு 115 வருது. அதுக்கு பிஎஃப் தனி. இதெல்லாம் 40 ஜாடியும் வித்தாத்தான்.

தம்பிக்குக் கோவம் வந்துருச்சு. "உங்களுக்கு எதைக் காட்டினாலும் நஷ்டம்தான் தெரியும்ணே. சேனல்ல மட்டும் சைடு இன்கம் வேணும்னு சொல்லுவீங்க." அந்தக் கடைசி வரி கொஞ்சம் குத்திச்சு, ஏன்னா நான் சொல்லியிருக்கேன். அஞ்சு வீடியோ இருக்கும்.

அதனால ஒரு பேச்சுக்கு வந்தோம். எஃப்டியைத் தொடாதே. பங்குனி சம்பளத்துல கொஞ்சம், சித்திரை சம்பளத்துல கொஞ்சம்னு பத்து ஜாடி செய். யாருக்கும் விக்காதே. உன் வீட்டு ஹால்லயே ஒரு கோடை வச்சுப் பாரு. வாங்குறவங்க வீட்டுல ஏசி இருக்காது, நீ இருக்கிற மாதிரிதான் அவங்களும் இருப்பாங்க. ஏழாயிரத்து ஐநூறு ரூபாய் போனா போகட்டும், அது பரீட்சைக் கட்டணம்.

ரெண்டு மாசம் அவன் என்கிட்ட சரியாப் பேசலை.

இந்த இடத்துல நான் பாசியைக் கொன்ன கதையைச் சொல்லணும், இல்லைன்னா நேர்மையா இருக்காது. நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பாசித் தட்டு வச்சிருந்தேன். தினமும் காலையில எட்டேகாலுக்கு ஆபீஸ் கிளம்புறப்போ நாலு தடவை ஸ்பிரே. ராத்திரி வந்ததும் நாலு தடவை. ஒரு நாள்கூட விட்டதில்லை. ரெண்டு மாசத்துல பழுப்பாகி, அப்புறம் கருப்பாகி, தொட்டாப் பொடியா உதிர்ந்துச்சு. தண்ணி பத்தலைன்னு நினைச்சு ஸ்பிரேயை ஆறாக்கினேன். இன்னும் சீக்கிரமாச் செத்துச்சு.

காரணம் பின்னாடிதான் படிச்சேன். பாசி காய்ஞ்சா சாகாது, தூங்கும். மறுபடி தண்ணி பட்டதும் எழுந்திருக்கும். ஆனா எழுந்த உடனே சம்பாதிக்க ஆரம்பிக்காது. காய்ஞ்சப்போ சேதமான செல்களை முதல்ல ரிப்பேர் பண்ணணும், அதுக்குச் சேமிப்புல இருக்கிற சர்க்கரையை எரிக்கும். அந்த வேலை முடிஞ்ச பிறகும் ஈரமும் வெளிச்சமும் சேர்ந்து கிடைச்சாத்தான் ஒளிச்சேர்க்கையில வரவு வரும், போட்டது திரும்பும். என் நாலு ஸ்பிரே அரை மணி நேரத்துல காய்ஞ்சிரும். ரிப்பேர் செலவு ஆச்சு, சம்பளம் வர்றதுக்குள்ள கடையைச் சாத்தியாச்சு. தினம் ரெண்டு தடவை இப்படி. ராத்திரி ஸ்பிரே இன்னும் மோசம். வெளிச்சமே இல்லை, வெறும் செலவு.

அமெரிக்காவுல கொலராடோ பீடபூமியில இதையே பரிசோதனையா பண்ணி 2012ல நேச்சர் க்ளைமேட் சேஞ்ச் இதழ்ல எழுதினாங்க. கோடையில அடிக்கடி 1.2 மில்லிமீட்டர் மட்டும் தண்ணி தெளிச்சாங்க. வறண்ட நிலத்துலயே வாழ்ந்து பழகின பாசி, ஒரு வருஷத்துல கிட்டத்தட்ட இல்லாமலே போச்சு. வறட்சியைத் தாங்கினது, துளித்துளியா வந்த கருணையைத் தாங்கலை. இன்னொரு பக்கம், அண்டார்டிகா பக்கம் சிக்னி தீவுல உறைஞ்ச மண்ணுக்குள்ள 1,500 வருஷத்துக்கு மேல கிடந்த பாசி, ஆய்வகத்துல வச்சதும் மறுபடி துளிர்த்துச்சு. 2014ல வந்த செய்தி. அவ்வளவு காலம் சும்மா விட்டதைத் தாங்குற ஒண்ணு என் ரெண்டு மாச அக்கறையில செத்துருச்சு.

பாசி வளர்றதையும் எஸ்ஐபியையும் ஒப்பிட்டு ஒரு வீடியோ போடுங்கன்னு எடிட்டர் கேட்டார். போட மாட்டேன். எஸ்ஐபி நீங்க மறந்தாலும் மாசம் அஞ்சாம் தேதி தானாப் போகும். பாசி அப்படி இல்லை, வானத்தைப் பார்த்து நடந்துக்கணும்.

நம்ம ஊருக்கு ஒத்துவர்ற முறையைச் சொல்றேன். ஐப்பசி மழை ரெண்டு நாள் பெய்யட்டும். உங்க வீட்டுச் சுவத்துலயோ, மாடித் தண்ணி விழுற மூலையிலயோ, பின்னாடி துணி துவைக்கிற கல்லுலயோ பச்சை வரும். வாடகை வீடுன்னா வீட்டுக்காரர்கிட்ட கேட்டுக்குங்க; சந்தோஷமா எடுத்துக்கோம்பார். தோசைத் திருப்பியால உள்ளங்கையில பாதி அளவுக்கு ரெண்டு மூணு துண்டு எடுத்தாப் போதும், முழுசா வழிக்காதீங்க. ஒரு மண் தட்டு வேணும். காருகுறிச்சி மண்பாண்டம் கிடைச்சா நல்லது, எனக்கு 60 ரூபாய் ஆச்சு. உடைஞ்ச ஓடு, பழைய செங்கல் இருந்தா அந்தச் செலவும் இல்லை. சொரசொரப்பா இருக்கணும், பளபள டைல்ஸ்ல பிடிக்காது. ஒரு பிடி குளத்துக் கரம்பை மண்ணைக் குழைச்சு மெல்லிசாத் தடவி, பாசித் துண்டை அது மேல வச்சு நல்லா அழுத்துங்க. அடியில காத்து இடைவெளி இருந்தா பிடிக்காது, நாளைக்கு ஒரு தடவை விரலால அழுத்திவிடுங்க. மூணு நாலு வாரத்துல ஒட்டிக்கும்.

தண்ணிதான் முக்கியம். போர் தண்ணி வேண்டாம், காயக் காய உப்பு வெள்ளையாப் படியும், இலையிலயே படியும். மழைத் தண்ணி பிடிச்சு வைங்க. செம்புப் பாத்திரத்துல பிடிக்காதீங்க. செம்பு பாசிக்கு ஆகாது. கூரையில பாசி வராம இருக்கச் செம்புத் தகடு அடிக்கிறவங்க உண்டு. ஆத்துப் பேர்லயே தாமிரத்தை வச்சிருக்கிற ஊர்ல இதைச் சொல்ல வேண்டியிருக்கு.

ஊத்துறதுன்னா முழுசா ஊத்துங்க. விடிகாலையில தட்டு நல்லா நனையணும், நிழல்ல இருக்கணும், மத்தியானம் வரைக்குமாவது ஈரம் நிக்கணும். மண் தட்டை ஒரு சாப்பாட்டுத் தட்டுத் தண்ணியில உட்கார வச்சா அதுவே கசிஞ்சு மேல ஏத்திக்கும், நீங்க நிம்மதியா ஆபீஸ் போகலாம். அப்படிச் செய்ய முடியாத நாள்ல சொட்டுகூட ஊத்தாதீங்க. சித்திரை, வைகாசியில சுத்தமா நிறுத்திடுங்க. பாளையங்கோட்டையில 38, 40 டிகிரி அடிக்கிறப்போ ஈரமா இருக்கிற பாசிதான் வெந்து சாகும். காய்ஞ்சு கிடக்கிறது தாங்கிக்கும்.

மோரையும் பாசியையும் மிக்ஸியில அடிச்சுச் சுவத்துல பூசுங்கன்னு ஒரு வீடியோ சுத்துது. நானும் பண்ணினேன். எறும்பு வந்துச்சு, பூஞ்சை வந்துச்சு, நாத்தம் தாங்காம பக்கத்து வீட்டு ஆச்சி வந்தாங்க. பாசி வரலை.

இந்த முறையில ஒரு குறை இருக்கு, மறைக்க மாட்டேன். வருஷத்துல நாலஞ்சு மாசம்தான் பச்சை. மிச்ச நாள் அது காய்ஞ்ச காபித்தூள் மாதிரி இருக்கும். விருந்தாளி வந்தா "என்ன இது?"ன்னு கேப்பாங்க. ஜாடி விக்கிறவங்க தர்றது பன்னெண்டு மாசப் பச்சையோட வாக்குறுதி. அந்த வாக்குறுதிக்குத்தான் 1,200 ரூபாய். இந்த வெயில்ல, ஏசி இல்லாத வீட்டுல, மூடின கண்ணாடிக்குள்ள அதை யாராலயும் காப்பாத்த முடியும்னு எனக்குத் தோணலை.

ஒண்ணு ஒத்துக்கிறேன். டெராரியத்தைத் தொழிலா நல்லா நடத்துறவங்க இருக்காங்க. குளிர்ச்சியான ஊர்ல இருக்காங்க, இல்லை ஏசியும் விளக்கும் வச்ச அறையில வளர்க்கிறாங்க. அவங்க விக்கிறது பாசியை இல்லை, பல வருஷக் கைவேலையை. வகுப்பு எடுக்குறாங்க, கம்பெனிகளுக்குச் செஞ்சு கொடுக்குறாங்க. அவங்ககிட்ட ஆசைக்கு ஒரு ஜாடி வாங்குனா அது உங்க ஆசைச் செலவுக் கணக்கு, அதுல நான் தலையிட மாட்டேன். ரெண்டு பேர் சினிமாவுக்குப் போய்ட்டு வந்தாலே அந்தக் காசு ஆயிடுது. கிரெடிட் கார்டுல இஎம்ஐயா மாத்தாம இருந்தாச் சரி.

தம்பியோட பத்து ஜாடிக்கு வருவோம். மார்ச் கடைசியில எல்லாம் அழகா இருந்துச்சு, தினமும் ஸ்டேட்டஸ் வச்சான், எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துச்சு, தப்பாச் சொல்லிட்டமோன்னு. ஏப்ரல் ரெண்டாவது வாரம் கண்ணாடிக்கு உள்பக்கம் தண்ணி முத்து முத்தாக் கோத்துச்சு. அப்புறம் வெள்ளையா நூல் நூலாப் பூஞ்சை. மே கடைசியில ஏழு ஜாடி மஞ்சக் கூழ். ரெண்டு, வெளிச்சம் பத்தாம ஒல்லி ஒல்லியா நீண்டு பாசி மாதிரியே இல்லை. ஒண்ணு மட்டும் உருப்படியா இருந்துச்சு. அதை அவன் ஆபீஸ்ல ஏசி இருக்கிற மேஜையில வச்சிருந்தான். ஷீட்டுல நான் பத்துக்கு மூணுன்னுதான் போட்டிருந்தேன்.

ஜூன்ல ஒரு நாள் வந்து, "நீங்க ஜெயிச்சுட்டீங்க"ன்னான். எனக்கு ஜெயிச்ச மாதிரி இல்லை. அந்த வேலையை விட்டு வெளியே வரணும்கிறது அவனோட நிஜமான ஆசை, பாசி அதுக்கு ஒரு சாக்கு. அதுக்கு என்ன பண்ணலாம்னு இப்போ ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருக்கோம். டேலி, ஜிஎஸ்டி படிக்கிறான். முடிவாகலை.

செப்டம்பர்ல சித்தப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன். தம்பியோட ஆபீஸ் குரூப் இன்சூரன்ஸ்ல அப்பா அம்மாவைச் சேர்க்கலை. 62,000 ஆச்சு. எஃப்டியை உடைச்சான், முன்கூட்டியே எடுத்ததுக்கு வட்டியில கொஞ்சம் பிடிச்சாங்க, மிச்சத்தைத் திரும்பப் போட்டான். அதைப் பத்தி நாங்க ரெண்டு பேரும் எதுவும் பேசிக்கலை.

அவன் ஆடியில கரம்பை மண்ணு தடவி ஒரு பழைய ஓட்டுல சுவத்துப் பாசி ஒட்ட வச்சிருந்தான். மழை இல்லை, காய்ஞ்சு கருத்துப்போய் மாடிப்படிக்கு அடியில கிடந்துச்சு. தீபாவளிக்கு வீடு கழுவினப்போ சித்தி அதைத் தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்ச்சுக் கழுவி வெயில்ல காய வச்சுட்டாங்க. "எய்யா, இந்த அழுக்குச் சவத்தை எதுக்குலே ஓட்டுல அப்பி வச்சிருக்க?"

நார் போகாத சொரசொரப்புக்குள்ள கொஞ்சம் தங்கியிருக்கும் போல. கார்த்திகை மழை நாலு நாள் விடாமப் பெஞ்சுது. அஞ்சாம் நாள் காலையில எனக்கு ஒரு போட்டோ வந்துச்சு: ஓட்டோட கோடு கோடான பள்ளத்துல மட்டும் பச்சை, சித்தி தேய்ச்ச மேட்டுல ஒண்ணும் இல்லை. கீழே, "அண்ணே, அம்மாகிட்ட சொல்லிராதீங்க."